வெயிலில் கண் கூசிய டாங்கி

மூட்டு வலிக்கு எந்தத் தைலம் நல்லது என்று ஒருவரையொருவர் விசாரித்துக்கொள்ளும் வயதுக்கு நாம் வந்துவிட்டோம். பழைய கோடை விடுமுறைகளைப் பற்றிப் பேச்சு வந்தால் பாண்டி ஆட்டம், கேரம் போர்டு, வாடகை சைக்கிள் என்று ஆளுக்கொன்று சொல்கிறோம். நானும் உங்களோடு சேர்ந்து தலையாட்டியிருக்கிறேன். ஆனால் ஒரு கோடை முழுவதும் நான் ஆடியது டாங்கிச் சண்டை. அதை இதுவரை உங்களில் யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் அதில் நான் ஜெயித்ததையும் சொல்ல வேண்டியிருக்கும்.

அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது. ஸ்ரீரங்கத்தில் அம்மா மண்டபம் சாலையை ஒட்டிய ஒரு தெருவில், மாடிப் போர்ஷனில் குடியிருந்தோம். அப்பா உயர்நிலைப் பள்ளியில் வரலாற்று ஆசிரியர். தெருவில் குழாயடித் தகராறு என்றாலும், காம்பவுண்டுச் சுவர்த் தகராறு என்றாலும் சாரைக் கூப்பிடுங்கள் என்பார்கள். நிதானமாகக் கேட்டு நியாயம் சொல்வார் என்று அவருக்குப் பெயர். அப்பாவின் தங்கையும் அவளுடைய ஒரே மகளும் எங்களுடன்தான் இருந்தார்கள். அத்தையின் கணவர் வேலை தேடி வடக்கே போனவர். கடிதம் வருவது நின்று நாலைந்து வருடம் ஆகியிருந்தது. அத்தை தில்லை நகரில் ஒரு டாக்டரின் கிளினிக்கில் டோக்கன் கொடுக்கும் வேலை பார்த்தாள்.

அத்தை மகள் என்னைவிட எட்டு மாதம் மூத்தவள். நான் வேனில் போய் இங்கிலீஷ் மீடியம் படித்தேன். அவள் தெருமுனைப் பள்ளிக்கு நடந்து போனாள். வருகிற ஜூனில் அவளையும் என் ஸ்கூலிலேயே சேர்ப்பதாக அப்பா முடிவு செய்து விண்ணப்பத்தை வாங்கி அலமாரியில் வைத்திருந்தார். அத்தை அந்த அலமாரியைத் திறக்கும்போதெல்லாம் அந்தக் காகிதத்தை ஒரு முறை தொட்டுப் பார்ப்பாள்.

முழுப் பரீட்சைக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா எங்களைப் பொருட்காட்சிக்கு அழைத்துப் போனார். ராட்டினத்துக்கும் மிளகாய் அப்பளக் கடைக்கும் நடுவில் ஒரு கூடாரம். உள்ளே மங்கலான வெளிச்சத்தில், மணல் பரப்பிய மேஜை மேல் இரண்டு பொம்மை டாங்கிகள் ஒன்றையொன்று சுற்றி வந்தன. ஒயர் கிடையாது. ஆண்டெனா நீட்டிய பெட்டிகளைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு ஆட்கள் ஓட்டினார்கள். ஒரு டாங்கியின் குழல் மற்றதற்கு நேராகத் திரும்பி ‘டிக்’ என்றதும், அடிபட்டது உடம்பை உதறிக்கொண்டு நின்றது. அதன் தலையில் சிவப்பு விளக்கு எரிந்தது. குண்டு எதுவும் பறக்கவில்லை. கண்ணுக்குத் தெரியாத ஒரு வெளிச்சம் குழலிலிருந்து கிளம்பி, எதிரியின் தலையில் இருக்கும் கருப்புக் குமிழில் படுகிறது என்று ஓட்டியவர் சொன்னார். நான்கு அடி வாங்கினால் டாங்கி செத்துவிடும். நாங்கள் நாலைந்து ஆட்டம் நின்று பார்த்தோம். கையில் இருந்த அப்பளம் நமத்துப்போனது.

வீட்டுக்கு வந்து டேங்க் வேண்டும் என்று கேட்டபோது, அம்மா மொட்டைமாடித் தண்ணீர் டேங்க்கைச் சொல்கிறோம் என்று நினைத்து, இருப்பதே நன்றாகத்தானே இருக்கிறது என்றாள். விஷயம் புரிந்ததும், பெண் பிள்ளைகளுக்குப் பீரங்கி வண்டி எதற்கு என்று முணுமுணுத்தாள். அப்பாதான் நன்றாக மார்க் வாங்கினால் ஆளுக்கு ஒன்று என்றார். இரண்டு பேரும் வாங்கினோம். அவள் என்னைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே வாங்கினாள்.

பாலக்கரையில் வெளிநாட்டுச் சாமான் விற்கும் ஒரு சின்னக் கடை. செண்ட் வாசனையும் புது பிளாஸ்டிக் வாசனையும் கலந்து வரும். கடைக்கார பாய் மூன்று டாங்கிகளை எடுத்து வைத்தார். இரண்டு ஒரே மாதிரி. பழுப்பும் பச்சையுமாகத் திட்டுத்திட்டாகச் சாயம் அடித்து, அசல் பட்டாள வண்டி போல இருந்தன. மூன்றாவது வெறும் பாசிப் பச்சை. சற்றுச் சிறியது, பார்க்க சோப்பு டப்பா போல இருந்தது. நான் பார்த்ததுமே அழகான இரண்டையும் எடுத்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டேன். அத்தை மகள் ஒன்றைத் தலைகீழாகத் திருப்பி, சக்கரங்களை விரலால் சுற்றி, உள்ளே பல் சக்கரம் உரசுகிறதா என்று காதருகே வைத்துக் கேட்டாள். பிறகு இரண்டையும் தரையில் வைத்து ஒரே நேரத்தில் போட்டுக் காட்டச் சொன்னாள். பாய் ஒரு ரிமோட்டை அழுத்தினார். இரண்டு டாங்கிகளும் சேர்ந்து முன்னால் நகர்ந்தன.

பாய் சிரித்துவிட்டார். “ரெண்டும் ஒரே அலைவரிசைம்மா. இதை வாங்கிட்டுப் போயிருந்தீங்கன்னா ஒருத்தர் ஓட்டினா ரெண்டும் ஓடும். மாஷா அல்லா, சூட்டிகையான புள்ள.”

ஆகவே அழகானதில் ஒன்று, பாசிப் பச்சை ஒன்று என்று வாங்க வேண்டி வந்தது. நான் கேட்பதற்கு முன்பே அவள் பச்சையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். பஸ்ஸில் திரும்பும்போது அப்பா அவள் பக்கத்தில் உட்கார்ந்து, அப்படிச் சோதித்துப் பார்க்க வேண்டும் என்று எப்படித் தோன்றியது என்று கேட்டுக்கொண்டே வந்தார். நான் முன் சீட்டில் என் டாங்கியை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன். அழகானது என்னிடம்தான் இருந்தது. ஆனாலும் ஏதோ தோற்றுவிட்ட மாதிரி இருந்தது.

அடுத்த சில நாட்கள் கரண்ட் போவதும் வருவதும் பார்த்து பேட்டரி சார்ஜ் செய்வதில் போயின. சார்ஜ் ஏறும்போது பேட்டரி அவித்த கோழிமுட்டை போலச் சுடும். அதன் மேல் கன்னத்தை வைத்துப் பார்ப்போம். என் டாங்கி நேராக ஓட்டினால் இடது பக்கம் இழுத்தது. ரிமோட்டின் ஓரத்தில் இருந்த சின்னத் திருகை அவள் மயிரிழை மயிரிழையாகத் திருப்பி அதைச் சரி செய்தாள். வெயில் இறங்கிய பின் மொட்டைமாடித் தட்டோட்டில் ஓட்டும்போது ரப்பர் பட்டை அடிக்கடி கழன்றது. கடைசிச் சக்கரத்தைப் பின்னுக்குத் தள்ளி இறுக்கினால் நிற்கும் என்று கண்டுபிடித்தவளும் அவள்தான். என்னுடையதற்கும் அவளே செய்து கொடுத்தாள். அப்பா சாயங்காலங்களில் ஈஸி சேரைப் போட்டுக்கொண்டு அவள் திருகாணி முடுக்குவதைப் பார்த்துக்கொண்டிருப்பார். பழைய காலத்துக் கோட்டைகளில் பீரங்கியை எந்தக் கோணத்தில் வைப்பார்கள் என்று அவளிடம் சொல்வார். அவளும் கேள்வி கேட்பாள். எனக்கு அந்தக் கதைகளெல்லாம் தெரியும்; சின்ன வயதிலிருந்து கேட்டு அலுத்தவை. இருந்தாலும் அவற்றை அவர் இன்னொருத்தியிடம் சொல்வது பிடிக்கவில்லை. வீட்டுக்குள் ஆடிய ஆட்டங்களில் பத்துக்கு எட்டு அவள்தான் ஜெயித்தாள்.

ஸ்கூல் திறப்பதற்கு முன்னால் மொட்டைமாடியில் ஒரு பெரிய போட்டி வைக்கலாம் என்றார் அப்பா. தெருப் பிள்ளைகள் எல்லோரும் பார்க்கலாம். நடுவராக அவரே விசில் ஊதுவார். ஜெயிப்பவருக்கு அவருடைய நிப் பேனா. அந்தப் பேனாவை நாங்கள் தொடவே கூடாது என்று சட்டம் இருந்தது.

செங்கல், செருப்பு டப்பா, உடைந்த ஓடு எல்லாம் அடுக்கி மாடியில் களம் அமைத்தோம். பழகிப் பார்க்க முதல் நாள் மதியம் போனபோது ஒரு விசித்திரம். எவ்வளவு நேராகக் குறி வைத்தும் அடி விழவில்லை. அவளுடையதும் என்மேல் படவில்லை, என்னுடையதும் அவள்மேல் படவில்லை. பேட்டரி இறங்கிவிட்டது என்று நினைத்துக் கீழே கொண்டுவந்தால், வீட்டுக்குள் சரியாகச் சுட்டன. மறுநாளும் அதே கதை. மூன்றாவது நாள் அவளுடைய டாங்கி தற்செயலாகத் தண்ணீர்த் தொட்டியின் நிழலுக்குள் போனது. நான் சுட்டதும் உதறிக்கொண்டு சிவப்பு விளக்கு எரிந்தது. அவள் அதை வெயிலுக்கு எடுத்துப் போனாள், படவில்லை. நிழலுக்குள் கொண்டுவந்தாள், பட்டது. ஏழெட்டுத் தடவை அப்படிச் செய்து பார்த்துவிட்டு வெறுங்காலோடு சுடுகிற தரையில் நின்றபடி சொன்னாள், “வெயில்ல அதுக்குக் கண்ணு கூசுதுடி.”

போட்டி அன்று மதியம் அவள் கருப்புச் சார்ட் பேப்பரை வெட்டி இரண்டு சின்னத் தொப்பிகள் செய்தாள். குமிழின் மேல் குடை போல உட்காரும், பக்கவாட்டில் திறந்திருக்கும். மேலிருந்து வெயில் படாது, எதிரியின் வெளிச்சம் மட்டும் பக்கத்திலிருந்து வந்து படும். ஒன்றை அவள் டாங்கியிலும் ஒன்றை என்னுடையதிலும் பொருத்தினாள். வெயிலில் வைத்துச் சுட்டுப் பார்த்தோம். இரண்டும் அடி வாங்கின. ஆட்டம் முடிந்த பிறகு மாமாவிடம் சொல்லி அவரை ஆச்சரியப்படுத்தலாம் என்றாள். அதுவரை யாருக்கும் தெரிய வேண்டாம் என்று என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டாள்.

நாலு மணிக்கு எல்லோரும் மேலே கூடிவிட்டார்கள். வெயில் இன்னும் இறங்கவில்லை. நான்தான் கடைசியாக ஏறினேன். மாடிப்படியின் திருப்பத்தில் நின்று என் டாங்கியைப் பார்த்தேன். தொப்பியோடு அது அசிங்கமாக இருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பல வருடங்கள் அந்தக் காரணத்தையே நம்பவும் முயன்றேன். உங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது? தொப்பி இருந்தால் அடி விழும், இல்லாவிட்டால் விழாது என்பது எனக்கு நன்றாகத் தெரியும். அதைப் பிய்த்துக் கசக்கிப் பாவாடைப் பைக்குள் போட்டுக்கொண்டு மேலே போனேன்.

அப்பா விசில் ஊதினார். ஆட்டம் பத்து நிமிடம்கூட நடக்கவில்லை. அவள் மூன்று முறை செங்கல் மறைவிலிருந்து வெளியே வந்து என்னை நேருக்கு நேர் சுட்டாள். என் டாங்கி அசையவில்லை. நான் சுட்ட நான்கும் அவளுக்கு விழுந்தன. நாலாவது அடியில் பச்சை டாங்கி நின்றுவிட்டது. பிள்ளைகள் கைதட்டினார்கள். அவள் ஓடி வந்து என் டாங்கியின் தலையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

“இவ தொப்பிய எடுத்துட்டா மாமா” என்றாள்.

அப்பாவுக்கு ஒன்றும் புரியவில்லை. இரண்டு டாங்கிகளையும் கையில் எடுத்தார். என்னுடையது கடையில் வாங்கியபடியே சுத்தமாக இருந்தது. அவளுடையதன் குமிழ் மேல் கருப்புக் காகிதம் இருந்தது. இதை யார் ஒட்டியது என்று கேட்டார். நான்தான் என்றாள். எதற்கு என்று கேட்டார்.

“வெயில்ல அதுக்குக் கண்ணு கூசுது மாமா. நெழல் குடுத்தாத்தான் அடி தெரியும்.”

பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அப்பா சிரிக்கவில்லை. அவர் கண்ணில் பட்டது இதுதான்: அடி விழாமல் இருக்க ஒருத்தி குமிழை மூடியிருக்கிறாள், அப்படியும் தோற்றுவிட்டாள், இப்போது ஜெயித்தவள் மேல் பழி போடுகிறாள். அவர் என் பக்கம் திரும்பி, உன்னுடையதிலும் இந்த மாதிரி ஏதாவது இருந்ததா என்று கேட்டார். அத்தை மகள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். என் தொடையில் காகிதம் குத்திக்கொண்டிருந்தது. நான் இல்லை என்று தலையசைத்தேன்.

“தோத்தது தப்பில்லம்மா. தோத்துட்டுக் கதை கட்டுறதுதான் தப்பு” என்றார் அப்பா. குரலை உயர்த்தவே இல்லை. அவர் மனம் உடைந்துபோயிருந்தது என்பது இப்போது தெரிகிறது. அவ்வளவு நம்பியிருந்தார் அவளை. என்னிடம் மன்னிப்புக் கேட்கும்படி சொன்னார். அவள் கேட்கவில்லை. அப்போதுதான் கிளினிக்கிலிருந்து திரும்பிய அத்தை படியேறி வந்திருந்தாள். கூட்டத்தையும் அண்ணன் முகத்தையும் பார்த்தாள். அண்ணன் வீட்டுச் சாப்பாட்டில் வளர்கிற தன் மகள் அண்ணன் மகளிடம் திருட்டாட்டம் ஆடினாள் என்று மட்டும் அவளுக்குப் புரிந்தது. கையில் சோற்று டப்பா கூடையோடு வந்து மகளை அறைந்தாள். அதுவரை அவள் மகளை அடித்து நான் பார்த்ததில்லை.

பேனா எனக்குக் கிடைத்தது. நான் அழுத்தி எழுதியதில் அதன் நிப் வளைந்துவிட்டது. பிறகு அது எங்கே போனதென்று தெரியவில்லை.

அன்றைக்குப் பிறகு அவள் என்னிடம் சண்டை போடவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. கேட்டதற்குப் பதில் சொல்வாள். ஒரே தட்டில் மாம்பழம் வைத்தால் தன் பங்கை எடுத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்விடுவாள். ஜூன் வந்தது. விண்ணப்பத்தைப் பற்றி அப்பா பேசவில்லை, அத்தை கேட்கவில்லை. இந்த வருடம் போகட்டும், கொஞ்சம் ஒழுங்குக்கு வரட்டும் என்று அப்பா அம்மாவிடம் சொன்னதை நான் கேட்டேன். அப்போதாவது சொல்லியிருக்கலாம். அந்த மாதக் கடைசியில் அத்தை மன்னார்புரத்தில் ஒரு அறை பார்த்துக்கொண்டு மகளோடு போய்விட்டாள். கிளினிக்குக்கு அங்கிருந்து பஸ் வசதி என்று காரணம் சொன்னாள். ஸ்ரீரங்கத்திலிருந்தும் பஸ் இருந்தது. பச்சை டாங்கியை அவள் எடுத்துப் போகவில்லை. எங்கள் பரணில் இரண்டும் சேர்ந்து கிடந்தன. பேட்டரி கசிந்து வெள்ளையாகப் பூத்துப்போனதும் அம்மா பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிட்டாள்.

பிறகு கல்யாணம், காதுகுத்து, அத்தையின் சாவு என்று எத்தனையோ முறை சந்தித்தோம். பிள்ளைகளைப் பற்றி விசாரித்துக்கொள்வோம். அவள் பள்ளிக்கூடம் முடித்ததோடு சரி. மன்னார்புரத்தில் கணவருடன் சேர்ந்து இன்வெர்ட்டர் பேட்டரிக் கடை நடத்துகிறாள். நன்றாகத்தான் இருக்கிறாள். என்னைவிட நன்றாகக்கூட இருக்கலாம். அதைக் காட்டி நான் தப்பித்துக்கொள்ள முடியாது.

மூன்று வருடங்களுக்கு முன் அப்பா என்னோடு இருந்தார். எழுபத்தெட்டு வயது. மதியம் சாப்பிட்டதும் டி.வி. பார்ப்பார். கோடையில் தினமும் மூன்று மணிக்கு மேல் ரிமோட் வேலை செய்யாது. பேட்டரி மாற்றினோம், ரிமோட்டையே மாற்றினோம். கடைசியில் கேபிள்காரர் வந்தார். மேற்கு ஜன்னலைப் பார்த்தார், செட்டாப் பாக்ஸைப் பார்த்தார். உள்ளங்கையைப் பெட்டிக்கு மேல் குடை மாதிரிப் பிடித்துக்கொண்டு ரிமோட்டை அழுத்தினார். சேனல் மாறியது.

“வெயில் நேரா அடிக்குது சார். அதுக்கு ரிமோட் வெளிச்சம் தெரியல. ஜன்னல் துணிய இழுத்து விட்டீங்கன்னா போதும்” என்றார்.

அப்பா அவர் போன பிறகும் அந்தப் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். எழுந்து போய்த் தன் கையை அதன் மேல் பிடித்தார், எடுத்தார், மறுபடி பிடித்தார். நான் சமையலறையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு நாள் அவர் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் காலையில் சட்டை போட்டுக்கொண்டு வந்து, மன்னார்புரம் போக வேண்டும், ஆட்டோ சொல்லு என்றார்.

கடையில் அவள் ஒரு பேட்டரியின் மூடிகளைத் திறந்து தண்ணீர் அளவு பார்த்துக்கொண்டிருந்தாள். கையைத் துடைத்துக்கொண்டு நாற்காலி எடுத்துப் போட்டாள், டீ சொல்லி அனுப்பினாள். அப்பா உட்காரவில்லை.

“அன்னைக்கு மொட்டைமாடில நீ சொன்னது சரிம்மா. எனக்குப் புரியல. புரியலைன்னாலும் ஒரு தடவை நெழல்ல வச்சுப் பாத்திருக்கலாம். பாக்காமலே தீர்ப்பு சொல்லிட்டேன்.”

“விடுங்க மாமா. சின்னப் பிள்ளைங்க வெளையாட்டு.”

“வெளையாட்டு இல்லம்மா. உன்னை அந்த ஸ்கூல்ல சேத்திருக்கணும். உங்கம்மா கடைசி வரைக்கும் அதை எங்கிட்ட கேக்கல. நானும் பேசல.”

அப்பாவின் கையைப் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்தாள். அவர் தலைக்கு மேல் என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்க்கவில்லை. நான் பேசுவேனா என்று காத்திருந்தாள். நான் டீ கிளாஸின் விளிம்பைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

கிளம்பும்போது அப்பா ஆட்டோவில் ஏறிய பிறகு என்னை ஒரு நிமிடம் நிறுத்தினாள். “மாமா எல்லாத்தையும் தன் தலையில போட்டுக்கிட்டு நிக்கிறார். பாக்கவே கஷ்டமா இருக்கு” என்றாள். “உன் பங்க நீ சொல்லிடு.”

சரி என்றேன். அந்த வருடம் ஐப்பசியில் அப்பா காலமானார். நடுவில் ஐந்து மாதங்கள் இருந்தன. ஒவ்வொரு நாளும் அவருக்குக் காபி கொண்டுபோய்க் கொடுத்துவிட்டுக் கொஞ்ச நேரம் பக்கத்தில் நிற்பேன். வேற ஏதாவது வேணுமாப்பா என்று கேட்டுவிட்டு வந்துவிடுவேன்.

சொல்வதற்கு ஒரு வாய்ப்பு, கடைக்குப் போன அன்றைக்கே இருந்தது. திரும்பி வரும்போது காவிரிப் பாலத்தில் ஆட்டோ நெரிசலில் நின்றது. முன்னால் நின்ற லாரியின் புகை முகத்தில் அடித்தது. அப்பா கம்பியைப் பிடித்தபடி, “அவளுக்கு நம்ம மேல கோவம் இருக்குமா?” என்று கேட்டார். நம்ம மேல என்றுதான் கேட்டார்.

“உங்க மேல இல்லப்பா” என்றேன்.

அப்பா திரும்பி என் முகத்தைப் பார்த்தார். எதையோ கேட்க வாயெடுத்தார். முன்னால் லாரி நகர்ந்தது, பின்னால் ஹாரன் அடித்தார்கள், ஆட்டோ குலுங்கிக் கிளம்பியது. அவர் வெளியே பார்க்கத் தொடங்கிவிட்டார். கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.